குறைந்த சம்பளத்தில் மரை வேட்டை: விக்டோரியாவில் என் காசு போன வழியும் மிச்சம் பிடித்த வழியும்

மரை என்ற பெரிய மானை வேட்டையாட இறங்கின முதல் வருடம் எனக்கு 7,000 டொலருக்குக் கிட்டச் செலவானது. அந்த வருடம் முடியும்போது வீட்டு ஃப்றீசரில் ஒரு துண்டு இறைச்சி கூட இல்லை. நான் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் ஒரு வெயார்ஹவுஸில் இரவு வேலை செய்பவன். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். மனைவி முதியோர் இல்லத்தில் பகுதி நேரம் வேலை செய்கிறா. எங்களுக்கு 7,000 டொலர் என்றால் ஊருக்கு ஒருவர் போய்வருகிற காசு, அதற்கு மேலும் மிஞ்சும். அந்த வருடம் எனக்குப் பக்கத்தில் இருந்து "தம்பி, இதுக்குக் காசைக் கொட்டாதை, இதுக்கு மட்டும் கொஞ்சம் செலவழி" என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் ஆட்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் குறைவு, போகிறவர்களும் வெளியில் கதைப்பதில்லை. இப்போது வேலைத்தளத்தில் இளம் பெடியன்கள் சிலர் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் மரை என்று முதலில் சொல்லவேண்டும். தமிழ்நாட்டார் கடமான், மிளா என்று சொல்லும் அதே விலங்குதான். 1860களில் விக்டோரியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்று இலங்கையில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் மரைகளைக் கொண்டுவந்து மெல்பேர்ணுக்குக் கிட்டவாக விட்டார்கள். அதுகள் பெருகி இன்றைக்கு மாநிலத்தின் கிழக்குப் பக்கக் காடுகள், மலைகள் முழுக்கப் பரவிவிட்டன. ஆண் மரை 200 கிலோவுக்கு மேலே போகும். வன்னியில் என் அப்பாவின் காலத்தில் மரை இறைச்சி வத்தல் இல்லாத வீடு குறைவு. அடுப்புக்கு மேலே புகையில் கறுத்துக் காய்ந்து தொங்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் அந்த வத்தல் எத்தனையோ குடும்பங்களின் கறிச்சட்டியை நிரப்பியது. அங்கே 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, இன்றைக்கு மரையில் கை வைக்கமுடியாது, வைக்கவும் கூடாது. இங்கே நிலைமை வேறு. மரை இந்த மண்ணின் விலங்கு இல்லை, இளம் மரங்களையும் மலைச் சதுப்புகளையும் நாசப்படுத்துகிறது. லைசென்ஸ் இருந்தால் நடந்து தேடி வேட்டையாட வருடம் முழுக்க அனுமதி, எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. இதைக் கேள்விப்பட்ட நாளில் இருந்து எனக்கு அந்த வத்தலின் மணம் மூக்கைவிட்டுப் போகவில்லை.

லைசென்ஸ் எடுப்பது கஷ்டமில்லை, ஆனால் நேரம் எடுக்கும். 1996இல் டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு நாடு முழுக்க வந்த சட்டங்கள்தான் இப்போதும் அடித்தளம். துவக்கு (துப்பாக்கி) உனக்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்டவேண்டும். பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணவேண்டும். பொலிஸுக்கு விண்ணப்பித்த பிறகு குறைந்தது 28 நாள் காத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு வாங்கப்போகிற ஒவ்வொரு துவக்குக்கும் தனி அனுமதி. மானுக்கென்று வேட்டை லைசென்ஸ் வேறாக எடுக்கவேண்டும், அது வருடத்துக்கு நூறு டொலருக்குள் அடங்கும். வகுப்பு, லைசென்ஸ், வேட்டைக்காரர் கழக உறுப்புரிமை எல்லாம் சேர்த்து எனக்கு 500 டொலர் அளவில் போனது. இந்தக் காசில் மிச்சம் பிடிக்க வழி இல்லை, தேடவும் வேண்டாம். ஆனால் இந்தக் காத்திருப்புக் காலம் பெரிய சொத்து. கையில் துவக்கு இல்லாத அந்த மாதங்களில் காட்டுக்குள் நடந்து பழகலாம், தடம் பார்க்கப் பழகலாம். அதற்கு லைசென்ஸும் தேவையில்லை, காசும் தேவையில்லை. எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த மாதங்கள் முழுக்கப் படுத்துக்கொண்டு போனில் துவக்கு வீடியோ பார்த்துக் கழிந்தன.

வீட்டுக்குள் நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மனைவிக்கு நான் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரியும். "உதுக்குப் பயந்துதானே அங்கயிருந்து ஓடி வந்தனாங்கள்? இப்ப வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைக்கப் போறீங்களோ?" என்று கேட்டா. அதன் பிறகு கன நாள் அதைப்பற்றிக் கதைக்கவேயில்லை. துவக்கு என்றால் எங்கள் சனத்துக்கு வருகிற நினைவுகள் வேறு. அவவின் குடும்பத்தில் இழப்பு இருக்கிறது, என் குடும்பத்திலும் இருக்கிறது. நான் சமாதானம் சொல்லி வெல்லவில்லை. பாதுகாப்பு வகுப்புக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் இருத்தினேன். வகுப்பு எடுத்த அம்மா முழு நாளும் துவக்கை எப்படி எடுப்பது என்பதை விட எப்படி வைப்பது, எப்படிப் பூட்டுவது, யாருக்குக் காட்டக்கூடாது என்பதைத்தான் சொன்னா. வீட்டுக்கு வரும்போது மனைவி ஒரு நிபந்தனை போட்டா: துவக்குப் பெட்டியின் திறப்பு (சாவி) எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, விருந்தாளிகளுக்குத் துவக்கைப்பற்றிச் சொல்லக்கூடாது. சட்டமும் திறப்பை மற்றவர் கையில் போகாமல் வைக்கத்தான் சொல்கிறது. குடும்பம் உள்ளவர்கள் இந்தக் கதையை விண்ணப்பத்துக்கு முதலே கதைத்து முடியுங்கள்.

அடுத்தது பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி. வெறும் பெட்டியின் எடை 150 கிலோவுக்குக் குறைவென்றால் அதைச் சுவரிலோ நிலத்திலோ போல்ட் அடித்து இறுக்கவேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சொந்த வீடு என்றால் பிரச்சினை இல்லை. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். எங்கள் வீட்டு ஏஜென்ட் எழுத்தில் கேட்டார், பிறகு பதில் இல்லை, பிறகு வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றார். பெட்டி வாங்கி கராஜில் கிடக்கிறது, பூட்ட இடமில்லை. கடைசியில் அலுமாரிக்குள் கொங்கிறீற் தரையில் துளைக்கச் சம்மதம் வந்தது, வீட்டை விடும்போது ஓட்டைகளை அடைத்துத் தருவேன் என்று கையெழுத்து வாங்கிய பிறகு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதல் வேலையாக இந்தக் கடிதத்தை எடுங்கள், பெட்டியைப் பிறகு வாங்குங்கள். புதிதாக 350 டொலர் கொடுத்தேன். இதே மாதிரிப் பெட்டிகள் வயதானவர்கள் வீடு மாறும்போது பாதி விலைக்கும் கீழே போகின்றன. பொலிஸ் வந்து பார்க்க உரிமை உண்டு, எங்கள் வீட்டுக்கும் வந்து பார்த்தார்கள், மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

இனித் துவக்கு. மரைக்குச் சட்டப்படி ஆகக் குறைந்தது .270 அங்குலத் துளையுள்ள குழாயும் 130 கிறெய்ன் (எட்டரைக் கிராமுக்குக் கிட்ட) எடையுள்ள குண்டும் வேண்டும். இது மட்டும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மரை பெரிய விலங்கு, தடித்த தோல், சின்னத் துவக்கால் காயப்பட்டு ஓடிவிடும் என்று சொல்லிச் சொல்லி .300 மேக்னம் என்ற பலமான துவக்கு ஒன்றை ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), தோல் வார், பை எல்லாம் சேர்த்து 1,900 டொலருக்குத் தலையில் கட்டினார். வெளியில் கொண்டுபோய்ச் சுட்டபோது தோள் கன்றிப்போனது. ஒரு பெட்டி 20 தோட்டா நூறு டொலருக்குக் கிட்ட. அந்த விலையில் யார் சுட்டுப் பழகுவார்? பழகாதவன் காட்டில் விலங்கைச் சரியாகச் சுடமாட்டான், அது பாவம். அடுத்த வருடம் அதை 900 டொலருக்குக் கொடுத்துவிட்டு .308 என்ற அளவில் ஒரு பழைய துவக்கு வாங்கினேன். ஸ்கோப்போடு 650 டொலர், மரக்கட்டையில் கீறல்கள், குழாய் சுத்தம். தோட்டா பாதி விலை, எந்தக் கடையிலும் கிடைக்கும், தோளுக்கும் சுகம். இத்தனை வருடத்தில் அதனால் முடியாத ஒன்றும் எனக்கு வரவில்லை. நூறு மீற்றருக்கு உள்ளேதான் அநேகமாக மரை கண்ணில் படும், அடர்ந்த காடு. தூரத்துக்குச் சுடும் பெரிய துவக்கால் என்ன பிரயோசனம்? விக்டோரியாவில் இருவருக்கிடையில் விற்றாலும் லைசென்ஸ் உள்ள வியாபாரி ஊடாகத்தான் மாறவேண்டும். ஆகவே பழைய துவக்கு வாங்கப் பயப்படத் தேவையில்லை, எல்லாம் பதிவில் இருக்கும். விலை பேசும்போது அந்த வியாபாரியின் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள்.

துவக்கு வந்த பிறகு எங்கே போவது? ஒருவரையும் தெரியாது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற ஒரு வழிகாட்டியைப் பிடித்தேன். வார இறுதிக்கு 1,600 டொலர், பாதியை முன்பணமாகக் கட்டினேன். அந்தக் கிழமை காற்றும் மழையும், மரங்கள் விழுந்து பாதை மூடிவிட்டது. வேறு நாள் தருகிறேன் என்றார், பிறகு அந்த நாட்கள் எல்லாம் நிறைந்துவிட்டன என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. 800 டொலர். மகளின் பள்ளிக்கூட முகாமுக்குக் கட்டவேண்டிய காசு அதே மாதம் வந்தது, அதைக் கடன் அட்டையில் போட்டேன். அந்த அட்டைக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். வழிகாட்டிகள் எல்லாரும் இப்படி இல்லை, நல்லவர்களோடு போய் ஒரே நாளில் கனக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முன்பணம் கட்டமுதல் வானிலையால் நின்றால் காசு எப்படித் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். கையில் காசு குறைந்தவர்கள் வழிகாட்டிக்குக் கொடுப்பதை விட அந்தக் காசை முழு வருடப் பெற்றோலுக்கு வைத்திருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அதன் பிறகுதான் டார்கோ. மரை வேட்டை என்று யாரிடம் கேட்டாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும் அந்தப் பெயர்தான். மலையடிவாரச் சின்ன ஊர், மெல்பேர்ணில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளி விடிய வேலை முடித்து, கொஞ்சம் படுத்து எழும்பி, மத்தியானம் வெளிக்கிட்டேன். என்னுடையது தரையோடு ஒட்டின சின்னக் கார். போனில் இருந்த வரைபடம் ஊரைத் தாண்டி ஒரு பாதையைக் காட்டியது, தார் றோட்டைப் போலவே கோடு போட்டு. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போனதும் பாதை கல்லும் பள்ளமுமாகிவிட்டது. திருப்ப இடமில்லை. ஒரு கல் அடியில் இடித்து எஞ்சினின் ஒயில் தட்டு உடைந்தது. ஒயில் முழுக்க நிலத்தில். போனில் சிக்னல் இல்லை. பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

காட்டில் இரவு எனக்குப் புதிது இல்லை. ஆனால் ஊரில் எந்த இரவிலும் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், பிள்ளை அழும் சத்தமாவது கேட்கும். இங்கே ஒன்றும் இல்லை. குளிர் எலும்புக்குள் போனது. காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடு போடவும் முடியாது. என்னிடம் இருந்தது ஒரு ஜக்கெற், ஒரு போர்வை, மனைவி கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும். எனக்கு என்ன நடக்கும் என்பதை விட, நான் சொன்ன நேரத்துக்கு அழைக்காவிட்டால் அவ என்ன நினைப்பா என்பதுதான் இரவு முழுக்க ஓடியது. போன ஆள் திரும்பி வராமல் காத்திருப்பது அவவுக்குப் பழைய நோவு. அதை நான் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் நடக்கத் தொடங்கினேன். துவக்கைக் காரில் விட்டுவிட்டுப் போகமுடியாது. கையில் தூக்கிக்கொண்டு றோட்டில் நடந்தால் எதிரே வருகிறவன் என்ன நினைப்பான் என்ற பயம், அதுவும் என் நிறத்தில் ஒருவன். துவக்கின் போல்ட்டை (அது இல்லாமல் சுடமுடியாது) கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்து, துவக்கைப் பைக்குள் போட்டு முதுகில் கட்டினேன். கடைசியில் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த ஒரு குடும்பம் தேத்தண்ணி தந்து, தங்கள் ஜீப்பில் சிக்னல் உள்ள இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதர்களை நான் மறக்கமாட்டேன்.

பிறகு கணக்கு. நான் வருடா வருடம் காசு கட்டுகிற வாகன உதவிச் சேவை மண் பாதைக்கு வரமாட்டாது என்றது. தனியாரின் இழுவை வாகனத்துக்கு 1,100 டொலர், ஒயில் தட்டுத் திருத்தம் 700 டொலர். கார் இல்லாமல் வேலைக்குப் போகாத இரவுகளுக்கு 600 அளவில் சம்பளம் போனது. இதில் மரையின் கால் தடம் கூட நான் பார்க்கவில்லை. உதவிச் சேவையின் பத்திரத்தை எடுத்துக் காட்டுப் பாதைக்கு வருவார்களா என்று இன்றைக்கே பாருங்கள். போகிற பாதை எந்த வகை வாகனத்துக்கு உரியது என்று அரச வனத்துறை வரைபடத்தில் பாருங்கள், போனில் வரும் சாதாரண வரைபடத்தை மலையில் நம்பவேண்டாம். எங்கே நிறுத்துவேன், எந்தப் பள்ளத்தில் நடப்பேன், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் பொலிஸுக்குச் சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். நான் பிறகு வாங்கிய முதல் புதுச் சாமான், ஆபத்தில் அழுத்தினால் செய்மதிக்குச் சைகை அனுப்பும் சின்னக் கருவி. 350 டொலருக்குக் கிட்ட வந்தது, பதிவு இலவசம், மாதக் கட்டணம் இல்லை. இதில் மட்டும் மலிவு பார்க்கவேண்டாம்.

டார்கோவுக்குப் பிறகு எல்லாவற்றையும் விற்கத்தான் இருந்தேன். கழகத்துக்கு உறுப்புரிமைக் காசு கட்டியிருந்ததால் ஒரு கூட்டத்துக்காவது போய்ப் பார்ப்போம் என்று போனேன். அங்கே எழுபதைத் தாண்டின ஒரு இத்தாலியப் பெரியவர் இருந்தார். வாழ்நாள் முழுக்கத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நான் எங்கே இருக்கிறேன், என்ன கார், எந்த நேரம் வேலை என்று மட்டும் கேட்டார். பிறகு தார் றோட்டில் கார் போகிற இடத்துக்கு அப்பால் உனக்குக் காடு தேவையில்லை என்றார். மரை மெல்பேர்ணில் இருந்து ஒரு மணித்தியாலத் தூரத்திலேயே இருக்கிறது. வார்பேர்டன், பவல்ரவுண், நூஜீ, மேரிஸ்வில் பக்கங்களில் அரச காடுகள் இருக்கின்றன, அவற்றில் வேட்டைக்கு அனுமதி உள்ள பகுதிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் நீரேந்து காடுகள் அதே மலைகளில்தான் இருக்கின்றன, அவற்றுக்குள் ஒரு அடி கூட வைக்கக்கூடாது, ஆகவே எல்லை தெரிந்து நடக்கவேண்டும். எங்கே வேட்டையாடலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் அரச வரைபடங்கள் இலவசம், அதைப் போனில் இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் நான் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்.

அந்தப் பெரியவர் சொன்னதில் என் வழியையே மாற்றியது ஒன்று. யூன் மாத நீண்ட வார இறுதி விடுமுறைக்குப் பிறகு ஒக்டோபர் முடியும் வரை மலைப் பாதைகள் பலவற்றுக்கு அரசாங்கம் கேற் போட்டு மூடிவிடும், ஈர மண்ணை வாகனங்கள் கிழிக்காமல் இருக்க. பெரிய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அது நட்டம். கேற்றடியில் காரை விட்டு நடக்கிறவனுக்கு அதுதான் அறுவடைக்காலம். கால்நடையாகப் போக அனுமதி உண்டு, வாகனச் சத்தம் இல்லை, குளிரில் இறைச்சியும் பழுதாகாது. ஐம்பதாயிரம் டொலர் வாகனம் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இந்த வழி பொருந்தும்.

நான் துவக்கு இல்லாமல் அவரோடு நடந்தேன். மரத்தில் கொம்பு உரசின அடையாளம், சேற்றுக் குழியில் புரண்ட தடம், புழுக்கை பழசா புதுசா என்று விரலால் நசுக்கிப் பார்ப்பது, எல்லாம் கண்ணால் படித்தேன். விடியற்காலையில் மலையின் காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறினால் மேல்நோக்கித் திரும்பும். நம் மணம் போகிற பக்கத்தில் மரை இருந்தால் ஹோர்ன் அடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடிவிடும், அன்றைக்கு அந்தப் பள்ளம் முடிந்தது. இரவு வேலை செய்கிறவனுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. விடிய வேலை முடிந்ததும் போவது ஆபத்து, நித்திரைத் தூக்கத்தில் கார் ஓட்டவும் கூடாது, துவக்குத் தூக்கவும் கூடாது. ஆனால் லீவு நாளில் எங்கள் உடம்பு விடிய நாலு மணிக்குத் தானாக விழித்திருக்கும். மற்றவர்கள் அலாரம் வைத்து எழும்புகிற நேரம் எங்களுக்குப் பழகின நேரம். சனி ஞாயிறில் காடு நிறைய ஆட்கள், செவ்வாய் புதனில் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரமுதல் வீட்டுக்குத் திரும்பலாம். இரவில் வெளிச்சம் அடித்துச் சுடுவது சட்டவிரோதம், அதைச் செய்கிறவர்களோடு சேரவேண்டாம். பிடிபட்டால் துவக்கும் லைசென்ஸும் மட்டும் இல்லை, வாகனமும் போகலாம்.

முதல் மரை ஒரு பெண் மரை, பவல்ரவுண் பக்கம், குளிர்காலத்தில். சுட்டதும் சந்தோஷம் வரவில்லை, கை நடுங்கியது. கிட்டப் போய் அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அப்பா காட்டில் விலங்கு விழுந்தால் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவார், நானும் அதையே செய்தேன். பிறகுதான் வேலையின் பாரம் தெரிந்தது. நூறு கிலோவுக்கு மேலான விலங்கு, தனி ஆள், செங்குத்தான பள்ளம். தோலை உரித்து, வயிற்றைத் திறக்காமலே கால்களையும் முதுகு இறைச்சியையும் கழற்றி எடுக்கும் முறையைப் பெரியவர் படித்துத் தந்திருந்தார். துணிப் பைகளில் போட்டுக் கட்டி, முதுகில் தாங்கக்கூடியதை மட்டும் தூக்கி, நிழலில் தொங்கவிட்டுவிட்டு மீதிக்குத் திரும்பிப் போனேன். இரண்டாம் நாள் நடக்கமுடியாமல் முழங்கால் வீங்கிவிட்டது. ஆகவே தனியாகப் போகிறவர்களுக்கு: காரில் இருந்து எவ்வளவு தூரம் இறைச்சியைச் சுமக்கமுடியுமோ அவ்வளவு தூரம் மட்டும் போங்கள். சுடமுதல் அதை யோசியுங்கள், சுட்ட பிறகு இல்லை. காட்டில் பாதியை விட்டுவிட்டு வருவதற்கு நான் சுடமாட்டேன்.

இறைச்சியில்தான் இந்தச் செலவுக்கு ஒரு நியாயம் வருகிறது. ஆகவே அதைக் காப்பாற்றத் தெரியவேண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி பெருகும் என்று இங்கே உணவு வேலை செய்கிற எல்லாருக்கும் படிப்பிப்பார்கள். குளிர்காலம் என்றால் நிழலும் காற்றும் போதும், வெயில் காலத்தில் காரில் ஐஸ் பெட்டி நிறைய ஐஸ் இல்லாமல் வெளிக்கிடவே வேண்டாம். உருகின ஐஸ் தண்ணீரில் இறைச்சி ஊறக்கூடாது, ஐஸை போத்தலில் உறையவைத்துக் கொண்டுபோனால் தண்ணீர் வராது, காசும் இல்லை. குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியவேண்டும். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் தூரத்துக்குப் போயிருக்கும், பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் இதில் கஞ்சத்தனம் கூடாது. நான் இப்போது செம்புக் குண்டுதான் பாவிக்கிறேன், விலை கொஞ்சம் கூட. பழைய பெட்டி ஃப்றீசர் ஒன்று 100 டொலருக்கு வாங்கினேன். வெட்டுவது, அரைப்பது எல்லாம் எங்கள் கராஜில். ஒரு நல்ல எலும்புக் கத்தியும் சாணைக்கல்லும் போதும், வேட்டைக் கத்தி என்று 200 டொலருக்கு விற்பதெல்லாம் வீண்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை. ஆட்டிறைச்சி டண்டினோங் கடைகளில் கிலோ 20 டொலருக்கு மேலே போய்விட்டது. பெரிய மரை ஒன்று கிடைத்தால் மாதக்கணக்கில் ஆடு வாங்குவதில்லை. இப்போது வருடத்துக்கு லைசென்ஸ், உறுப்புரிமை, தோட்டா, பெற்றோல் எல்லாம் சேர்த்து 900 டொலருக்குள் முடிக்கிறேன், நல்ல வருடத்தில் அது இறைச்சியாகத் திரும்பி வந்துவிடும். கிடைக்காத வருடத்தில் திரும்பி வராது, அதையும் யோசித்துத்தான் இறங்கவேண்டும். வீட்டுச் செலவில் இருந்து எடுக்காமல், மேலதிக நேர வேலைக் காசில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போடுகிறேன். அந்தக் கணக்கில் காசு முடிந்தால் அந்த வருட வேட்டையும் முடிந்தது என்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். உடுப்பெல்லாம் பழைய துணிக் கடையில் வாங்கின கம்பளிச் சுவெற்றர்கள், ஈரமானாலும் சூடு தரும். அதற்கு மேலே செம்மஞ்சள் நிறச் சட்டை. நடந்து வேட்டையாடுகிறவர்களுக்கு அது கட்டாயம் இல்லை என்றாலும் போடுங்கள், வேலைத்தளத்தில் தந்ததே போதும். மரைக்கு அந்த நிறம் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் தெரியாது, மற்ற வேட்டைக்காரனுக்குத் தெரியும். சப்பாத்துக்கு மட்டும் நல்ல காசு கொடுங்கள்.

இந்த இறைச்சியை விற்கக்கூடாது என்பது சட்டம். தெரிந்தவர்கள் ஆசைக்குக் காசு நீட்டுவார்கள், வாங்கவேண்டாம், ஒரு தடவை கூட. நாங்கள் சும்மா கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா வத்தல் போடுவதில் கெட்டிக்காரி. நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பூசி, இங்கத்தைய வெயிலை நம்பாமல் காயவைக்கும் மின்சாரப் பெட்டியில் போட்டு எடுத்து, பிறகு கொஞ்சம் புகை காட்டித் தருவா. அதை இடித்துப் பொரித்துத் தேங்காய்ப் பால் விட்டுக் கறி வைத்தால் எங்கள் தெருவில் இருக்கிற வன்னிச் சனம் மணத்திலேயே பிடித்துவிடும். வெள்ளிக்கிழமையிலும் கந்தசஷ்டியிலும் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, அந்த நாட்களில் நான் இப்போது காட்டுக்கும் போவதில்லை.

மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. இங்கே பன்னிரண்டில் இருந்து பதினேழு வரைக்கும் சிறுவர் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பெரிய ஒருவரின் கண்பார்வையில் மட்டும் சுடலாம். அவன் இரண்டு தரம் கேட்டுவிட்டான். மனைவி இன்னும் ஓம் சொல்லவில்லை, எனக்கும் முடிவு இல்லை. இப்போதைக்கு அவனைத் துவக்கு இல்லாத நாட்களில் தடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறேன், வகுப்புக் காசை அந்தத் தனிக் கணக்கில் ஒரு ஓரமாக வைத்திருக்கிறேன்.